வரதராஜன் தீர்ப்பும், தானாகக் கிளம்பிய பதினேழு வயதும்

பதினெட்டு முடியாத ஒருத்தர், அப்பா அம்மா சம்மதம் இல்லாமல் வீட்டை விட்டுப் போய்த் தனியாக இருக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? கேட்கச் சின்னக் கேள்விதான். நம்ம ஊரில் இதற்கு இரண்டு பதில்கள் சுற்றுகின்றன. "மைனர் பொண்ணுங்க, எங்க போனாலும் போலீஸ் கூட்டிட்டு வந்துரும், கூட இருந்தவன் உள்ள போயிருவான்" என்பது ஒன்று. "தானா விரும்பிப் போனா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது, சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு" என்பது இன்னொன்று.

இரண்டாவது பதில் எங்கிருந்து வருகிறது என்று தோண்டிக்கொண்டே போனால், பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கும். வரதராஜன் எதிர் சென்னை மாநிலம், உச்ச நீதிமன்றம், 1964 செப்டம்பர் 9. அறுபது வருடம் கழித்தும் கடத்தல் வழக்குகளில் எதிர்த்தரப்பு வக்கீல்கள் முதலில் எடுத்து வைக்கும் தீர்ப்பு இது. இந்தப் பதிவு அந்தத் தீர்ப்பைப் பற்றிய ஒரு விமர்சனம். நான் வக்கீல் இல்லை. கோடு எழுதிப் பிழைக்கிறவன், தீர்ப்புகளைப் படிப்பது பொழுதுபோக்கு. அதனால் இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரதராஜன் நல்ல தீர்ப்பு. ஆனால் அது பதில் சொன்ன கேள்வி வேறு, நாம் அதனிடம் கேட்கிற கேள்வி வேறு. அதோடு, அதில் பாதி கவனத்தில் கடந்துபோகும் ஒரு வாக்கியம் இருக்கிறது. கொங்கு நாட்டில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு அந்த வாக்கியம் உறுத்த வேண்டும்.

நடந்தது என்ன

சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு அரசு அதிகாரியின் குடும்பம். இளைய மகள் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறார். பிறந்த தேதி 1942 நவம்பர் 13. பக்கத்து வீட்டில் வரதராஜன். 1960 செப்டம்பர் 30 அன்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்ததை அக்கா பார்த்து விசாரிக்க, அவரையே கட்டிக்கப் போகிறேன் என்று தங்கை சொல்கிறார். விஷயம் அப்பாவுக்குப் போகிறது. கேட்டால் பெண் அழுகிறாள். அன்றைக்கே அப்பா அவளைக் கோடம்பாக்கத்தில் ஒரு உறவினர் வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் அந்தப் பெண் உறவினர் வீட்டிலிருந்து கிளம்பி, வரதராஜனுக்குப் போன் செய்து, ஒரு தெருவைச் சொல்லி வரச் சொல்கிறார். அவர் காரில் வந்து நிற்கிறார். இவர் ஏறிக்கொள்கிறார். மயிலாப்பூரில் ஒரு சாட்சியைக் கூட்டிக்கொண்டு, நகைக் கடைக்குப் போய் இரண்டு குண்டும் திருமாங்கல்யமும் வாங்குகிறார்கள். தேர்ந்தெடுத்தது அந்தப் பெண் என்று தீர்ப்பே சொல்கிறது. பிறகு பதிவாளர் அலுவலகத்தில் ஒப்பந்தப் பதிவு. ஒரு நாள் ஓட்டல். அப்புறம் ரயிலேறிச் சாத்தூர், அந்தப் பக்கமே சில நாள், அங்கிருந்து நம்ம கோயம்புத்தூர், கடைசியாகத் தஞ்சாவூர். அங்கேதான் போலீஸ் கண்டுபிடிக்கிறது. நவம்பர் 3 அன்று சென்னைக்குக் கொண்டுவருகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காரில் ஏறிய அன்று அவருக்குப் பதினெட்டு முடிய 43 நாள் பாக்கி. சென்னைக்குக் கொண்டுவந்த அன்று 10 நாள் பாக்கி. இந்த 43 நாளுக்காக எழும்பூர் பிரசிடென்சி மாஜிஸ்திரேட் வரதராஜனுக்கு ஓராண்டு கடுங்காவல் கொடுத்தார். உயர் நீதிமன்றமும் குற்றவாளிதான் என்றது. நாலு வருடம் கழித்து, சுப்பா ராவ், ஹிதாயதுல்லா, முதோல்கர் ஆகிய மூவர் அமர்வு விடுதலை செய்தது. தீர்ப்பை எழுதியவர் முதோல்கர்.

கூட்டிட்டுப் போறதும் கூடப் போறதும்

அப்போதைய இந்திய தண்டனைச் சட்டம் 361-ம் பிரிவின்படி, சட்டப்படியான பாதுகாவலரின் பராமரிப்பிலிருந்து மைனரை அவர் சம்மதம் இல்லாமல் "கொண்டுபோவதோ" "ஆசைகாட்டி இழுப்பதோ" கடத்தல். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 16. அந்த வயதுகளும் 1949 திருத்தத்துக்கு முன்னால் 16, 14 என்றுதான் இருந்தன.

அந்தப் பெண் மைனர், அப்பாதான் பாதுகாவலர், உறவினர் வீட்டில் விட்டிருந்தாலும் அப்பாவின் பராமரிப்பில்தான் இருந்தார் என்பதையெல்லாம் உச்ச நீதிமன்றம் அப்படியே ஏற்றுக்கொண்டது. அது பிடித்துக்கொண்டது ஒரே ஒரு வினைச்சொல்லை. கொண்டுபோவது வேறு, கூட வர விடுவது வேறு. தான் செய்வது என்ன என்று தெரிந்த, தெரிந்துகொள்ளும் திறன் உள்ள ஒரு மைனர், தானாகவே வீட்டை விட்டு வந்து ஒருத்தரோடு சேர்ந்துகொண்டால், அவர் "கொண்டுபோனார்" என்று சொல்ல முடியாது. அதற்கு இன்னும் ஏதாவது வேண்டும்: தூண்டியிருக்க வேண்டும், அந்த எண்ணம் உருவாவதில் பங்கு இருந்திருக்க வேண்டும். முன்னால் எப்போதோ ஆசைகாட்டி மனதைத் திருப்பியிருந்தாலும் அது கணக்கில் வரும். அப்படி எதுவும் நிரூபிக்கப்படாதபோது, "வீட்டுக்குத் திரும்பிப் போ" என்று சொல்லும் கடமையைக்கூடச் சட்டம் அவர் மேல் சுமத்தவில்லை என்றது நீதிமன்றம்.

தமிழில் யோசித்தால் இது இன்னும் சுலபமாகப் புரியும். "அவன் கூட்டிட்டுப் போயிட்டான்" என்பதற்கும் "அவ கூடப் போயிட்டா" என்பதற்கும் உள்ள வித்தியாசம். ஊரில் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துத்தான் பேசுகிறோம். பெண்ணைப் பெற்றவர்கள் ஸ்டேஷனில் முதலாவதைச் சொல்வார்கள், தெருவில் இரண்டாவதைச் சொல்வார்கள்.

இந்த இடத்தில் தீர்ப்பின் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. 1964-ல், பதினேழு வயதுப் பெண் போனை எடுத்தார், அழைத்தார், தாலியைத் தேர்ந்தெடுத்தார் என்று வரிசையாக எழுதி, இவையெல்லாம் அவர் செய்தவை, அவருக்குச் செய்யப்பட்டவை இல்லை என்று ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. கடத்தல் வழக்கில் பெண் என்பது வழக்கமாகத் திருட்டுப்போன பொருள் மாதிரி எழுதப்படும். இதில் அவர் ஒரு ஆளாக வருகிறார்.

முதல் குறை: பதில் யாருக்கு?

மூன்று கேள்விகளைப் பிரித்துக்கொள்வோம். மைனர் வீட்டை விட்டுப் போனால் அது மைனர் செய்த குற்றமா? அவருக்கு உதவியவர் குற்றவாளியா? போன இடத்தில் மைனர் தொடர்ந்து இருக்கலாமா?

முதலாவதற்குப் பதில் எளிது. இல்லை. வீட்டை விட்டுப் போவதைக் குற்றமாக்கும் சட்டம் இந்தியாவில் கிடையாது. வரதராஜன் பதில் சொல்வது இரண்டாவதற்கு மட்டும். அதுவும் சில நிபந்தனைகளோடு. நம்மில் பலர் அதை மூன்றாவதற்கான பதிலாகப் படிக்கிறோம். ஒரு டெஸ்ட் பாஸ் ஆனதைப் பார்த்துவிட்டு மொத்த மென்பொருளும் வேலை செய்கிறது என்று ரிலீஸ் பண்ணுவது மாதிரி.

மூன்றாவது கேள்வி அந்த வழக்கில் எழவே இல்லை. காரணம் சட்டம் இல்லை, காலண்டர். தீர்ப்பு வரும்போது அந்தப் பெண்ணுக்கு வயது 21. அவரை எங்கே அனுப்புவது என்று யாரும் முடிவெடுக்க வேண்டியிருக்கவில்லை. பதினைந்து வயதில் ஒருத்தர் கிளம்பி, மூன்று வருடம் மைனராகவே இருக்க வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்று இந்தத் தீர்ப்பைக் கேட்டால், அது பேசாது.

மற்ற சட்டங்கள் பேசுகின்றன. 1890-ம் ஆண்டின் பாதுகாவலர்கள் சட்டம் 25-ம் பிரிவின்படி, மைனர் பாதுகாவலரை விட்டுப் போனால், அவர் நலனுக்கு அது நல்லது என்று நினைத்தால் நீதிமன்றம் திரும்ப அனுப்பலாம். அதற்காக அவரைப் பிடித்துவரவும் உத்தரவிடலாம். சிறார் நீதிச் சட்டம் 2015, வீட்டை விட்டு ஓடிவந்த குழந்தையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்ற பட்டியலில் வைக்கிறது. அப்படிப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். காணாமல்போன குழந்தை என்று புகார் வந்தாலே கடத்தலாக இருக்கலாம் என்ற அனுமானத்தோடு முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று 2013-ல் பச்பன் பச்சாவோ ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது தானாகவே போனாலும், தாள்களில் முதலில் அது கடத்தல்தான்.

தனியாக வாழ வேண்டிய கருவிகளும் கையில் இருக்காது. மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1903-ல் மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் முடித்துவைத்த கதை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஆக, வாடகை ஒப்பந்தம் போட முடியாது.

இரண்டாவது குறை: அந்த ஒரு வாக்கியம்

இந்தப் பெண்ணுக்குத் திறன் இருந்தது என்று நீதிமன்றம் எப்படி முடிவுக்கு வந்தது? வயது பதினெட்டை ஒட்டி இருந்தது என்பது ஒரு காரணம். அதோடு இன்னொன்றும் சொல்கிறது: இவர் படிப்பறிவில்லாத, உலகம் தெரியாத கிராமத்துப் பெண் இல்லை, வாழ்நாள் முழுக்க நவீன நகரத்தில் இருந்திருக்கக்கூடிய கல்லூரி மாணவி, எழுத்தறிவில்லாத நாட்டுப்புறப் பெண்ணைவிடத் தானாக யோசித்துச் செயல்படும் திறன் இவருக்கு அதிகம். இது என் சொற்களில் அதன் சாரம்.

நியாயமாகப் பார்த்தால், நீதிபதி இங்கே தன் தீர்ப்பின் வேலியைப் போடுகிறார். இந்த விதி எல்லா மைனருக்கும் இல்லை, இந்த மாதிரியானவருக்குத்தான் என்கிறார். ஆசைகாட்டிச் சிறுமிகளைக் கொண்டுபோகிற ஆட்கள் இதைக் காட்டித் தப்பிவிடக் கூடாது என்ற கவலை அதில் இருக்கிறது. அந்தக் கவலை சரிதான். ஆனால் வேலி போட்ட இடம் தப்பு. கல்லூரியும் பட்டணமும் முடிவெடுக்கும் திறனின் அளவுகோல் ஆகிவிட்டன.

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கம் நூற்பாலைகளில் நடந்ததை இந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுமங்கலித் திட்டம் என்றும் கேம்ப் கூலி என்றும் பெயர். கிராமத்துப் பதின்வயதுப் பெண்களை ஏஜென்ட் மூலம் மூன்று வருட ஒப்பந்தத்தில் ஆலைக்குக் கொண்டுவருவார்கள். ஆலை வளாகத்திலேயே ஹாஸ்டல். மூன்று வருடம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு என்று மொத்தமாக சுமார் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை. இடையில் கிளம்பினால் அந்தத் தொகை பல இடங்களில் போய்விடும். வெளியே போகவும் போன் பேசவும் கட்டுப்பாடு. நெதர்லாந்தின் சோமோவும் இந்தியா கமிட்டி ஆஃப் தி நெதர்லாந்ட்ஸும் 2011 மே மாதம் வெளியிட்ட 'கேப்ச்சர்டு பை காட்டன்' அறிக்கை இதை உலகத்துக்குச் சொன்னது. நம்ம ஊரில் அதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும்.

இந்தப் பெண்களும் பதினெட்டுக்கு முன்னால் வீட்டை விட்டு வெளியேறியவர்கள்தான். 43 நாள் முன்னால் இல்லை, மூன்று வருடம் முன்னால். இவர்கள்தான் தீர்ப்பு சொல்கிற அந்தக் கிராமத்துப் பெண். தானாக யோசிக்கும் திறன் குறைவு என்று நீதிமன்றம் நினைத்த பெண் வீட்டை விட்டுப் போகும்போது, அவளுக்கு விருப்பமா என்று சட்டம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை, ஏனென்றால் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். 15 முடிந்தவர் மருத்துவச் சான்றிதழோடு ஆலையில் வேலை செய்யலாம் என்று 1948-ன் தொழிற்சாலைகள் சட்டமும் வழிவிட்டிருந்தது.

இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது. 361-ம் பிரிவின் விளக்கத்தில், மைனரின் பராமரிப்பு சட்டப்படி யாரிடம் ஒப்படைக்கப்பட்டதோ அவரும் பாதுகாவலர்தான். கோடம்பாக்கத்து உறவினர் வீட்டில் அப்பாவின் பராமரிப்பு தொடர்ந்தது போல, ஆலை ஹாஸ்டலிலும் தொடர்கிறது என்று வாதிடலாம். அப்படியென்றால் பதினாறு வயதில் அங்கிருந்து தப்பிக்க நினைக்கிற பெண்ணுக்கு வெளியே இருந்து கைகொடுக்கிற தோழியோ அண்ணனோ கடத்தல் வழக்கைப் பற்றிப் பயப்பட வேண்டும். உள்ளே கொண்டுவந்த ஏஜென்டுக்கு அந்தப் பயம் இல்லை. அவர் கையில் அப்பாவின் சம்மதம் இருக்கிறது. காப்பாற்ற வந்தவர் வரதராஜன் தீர்ப்பை எடுத்துக் காட்டினால், "இவள் அந்தப் பட்டணத்துக் கல்லூரிப் பெண் இல்லையே" என்று அதே தீர்ப்பிலிருந்து பதில் சொல்லலாம்.

ஆலை மட்டும் இல்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து உறைவிடப் பள்ளிகளுக்குப் பிளஸ் டூ மார்க்குக்காகத் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் பெட்டி தூக்கிக்கொண்டு வந்தார்கள், வருகிறார்கள். அதையும் வீட்டை விட்டுப் போவது என்று யாரும் சொல்வதில்லை. கொங்கு நாட்டில் மைனர்கள் வீட்டை விட்டுத் தங்குவது அதிசயமே இல்லை. அந்த ஏற்பாட்டின் மேல்தான் பாதிப் பொருளாதாரம் ஓடியது. தானாகப் போனால்தான் அது "ஓடிப்போறது" ஆகிறது.

சட்டத்தின் இந்தச் சாய்வு எவ்வளவு ஆழம் என்பதற்கு ஒரு உதாரணம். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-ன்படி, பெற்றோரே சேர்ந்து பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைத்தால், நடத்தியவர்களுக்குத் தண்டனை உண்டு. ஆனால் கல்யாணம் தானாக ரத்தாகாது. அந்தப் பெண் நீதிமன்றம் போய்க் கேட்டால்தான் ரத்தாகும் (3-ம் பிரிவு). அதே பெண்ணைப் பாதுகாவலரின் பராமரிப்பிலிருந்து ஒருத்தர் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டால், அந்தக் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது (12-ம் பிரிவு). வயது ஒன்றுதான், கேடும் ஒன்றுதான். மாறியது பெற்றவர் சம்மதம் மட்டும்.

பிறகு வந்தவை

வரதராஜன் இன்றைக்கு முன்போல வலுவாக இல்லை. 2012-ல் போக்சோ சட்டம் வந்தது. கடத்தல் குற்றச்சாட்டிலிருந்து தப்பிக்கிற பையன் போக்சோவில் மாட்டுகிறான், அங்கே மைனரின் சம்மதத்துக்கு மதிப்பே இல்லை. இதில் வந்த நெருக்கடியை முதலில் உரக்கச் சொன்ன தீர்ப்புகளில் இரண்டு நம்ம பக்கத்து வழக்குகள். 2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்ட வழக்கு ஒன்றில் தண்டனையை ரத்து செய்த நீதிபதி வி. பார்த்திபன், வயது வரம்பை 16 ஆக்குவது பற்றி யோசிக்கச் சொன்னார். 2021 ஜனவரியில் ஈரோடு வழக்கு ஒன்றை ரத்து செய்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பதின்வயதுக் காதலுக்குள் மாட்டிய பையன்களைத் தண்டிப்பது அந்தச் சட்டத்தின் நோக்கம் இல்லை என்றார். அதே 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குஜராத்திலிருந்து வந்த அன்வர்சிங் வழக்கில், மைனர் பெண்ணின் சம்மதம் கடத்தலுக்குத் தற்காப்பு ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லி, தண்டனையை மட்டும் குறைத்தது.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. அதன் 137-ம் பிரிவில் ஆண், பெண் வித்தியாசம் போய்விட்டது. இரண்டு பேருக்கும் 18. முன்பு பதினாறு முடிந்த பையன் வீட்டை விட்டுப் போனால் அவனுக்கு இடம் கொடுத்தவர் மேல் இந்தக் குற்றம் வராது. இனி வரலாம். இதைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை.

சரியான கேள்வியைக் கேட்ட தீர்ப்பு

நம்முடைய மூன்றாவது கேள்வியை நேராக எதிர்கொண்ட தீர்ப்பு ஒன்று உண்டு, அதிகம் பேசப்படாதது. 2011-ல் சிவக்குமார் எதிர் திருவள்ளூர் காவல் ஆய்வாளர் என்ற ஆட்கொணர்வு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு எடுத்துக்கொண்ட கேள்விகளில் ஒன்று: விவரம் தெரிந்த வயதை அடைந்துவிட்டேன் என்று சொல்லி ஒரு மைனர் பெற்றோரின் பாதுகாப்பை விட்டு நடந்துபோக முடியுமா?

பதில் இரண்டு பகுதி. நடந்துபோக அனுமதிக்க முடியாது. ஆனால் பெற்றோரோடு போக விருப்பமில்லை என்று அவர் சொல்லி, முடிவெடுக்கும் திறன் அவருக்கு இருப்பதாக நீதிமன்றம் கருதினால், போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அவர் விருப்பத்துக்கு உட்பட்டு, தகுந்த ஒரு நபரின் பொறுப்பில் விடலாம். கட்டிக்கொண்ட மேஜர் ஆண் அவருக்குப் பாதுகாவலர் ஆக முடியாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

இதில் எனக்குப் பிடித்தது, திறனை அளக்கக் கல்லூரியையும் பட்டணத்தையும் விதியாக வைக்கவில்லை. எதிரே நிற்கிற பெண்ணிடம் பேசிப் பார்த்து முடிவெடுக்கச் சொல்கிறது. வரதராஜனில் பெண்ணின் விருப்பம் குற்றம்சாட்டப்பட்டவரின் தற்காப்பாக வருகிறது. இங்கே அது அவளுடைய விருப்பமாகவே வருகிறது.

குறையும் இருக்கிறது. இந்தக் கதவு திறக்க வேண்டுமென்றால் யாராவது ஆட்கொணர்வு மனு போட வேண்டும். பெண்ணைக் காணோம் என்று அப்பா நீதிமன்றம் வந்தால்தான் பெண்ணின் குரல் நீதிமன்றத்துக்கு வரும். வீட்டில் அடி தாங்காமல் கிளம்புகிற பையனுக்கும், காதலும் இல்லாமல் கல்யாணமும் இல்லாமல் வெறுமனே போக நினைக்கிற பெண்ணுக்கும் இது எட்டாது. அவர்களுக்கு இருப்பது 1098-ம் குழந்தைகள் நலக் குழுவும்தான். சிறார் நீதிச் சட்டத்தின் 3-ம் பிரிவு, குழந்தையைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பதைக் கொள்கையாகவே எழுதிவைத்திருக்கிறது. குடும்பத்தோடு திரும்பச் சேர்ப்பதையும் அதே பிரிவு கொள்கையாக எழுதிவைத்திருக்கிறது. இரண்டும் மோதும்போது எது ஜெயிக்கிறது என்பது அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஐந்து பேரைப் பொறுத்தது.

அப்படியானால் வயதைக் குறைத்துவிடலாமா?

வெளிநாட்டைக் காட்டிச் சிலர் கேட்பது இது. ஸ்காட்லாந்தில் 1991 சட்டப்படி 16 வயதில் ஒப்பந்தம் போடும் உரிமை வந்துவிடுகிறது. கலிபோர்னியாவில் 14 முடிந்தவர் நீதிமன்றத்தில் மனு கொடுத்துப் பெற்றோரின் கட்டுப்பாட்டிலிருந்து விடுதலை வாங்கலாம். ஆனால் அங்கேயும் பெற்றோர் சம்மதத்தோடோ, குறைந்தது அவர்கள் தடுக்காமலோ தனியாக வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும், சொந்தக் காசில் சமாளிக்க வேண்டும். "அமெரிக்காவில் பதினாலிலேயே போயிரலாம்" என்பது அரைக் கதை.

அதை அப்படியே இங்கே கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை. பதினைந்து வயதுப் பெண் போடும் ஒப்பந்தம் செல்லும் என்று ஒரு சட்டம் வந்தால், கொங்கு நாட்டில் அதை முதலில் பயன்படுத்தப் போவது அந்தப் பெண் இல்லை, ஏஜென்ட். இப்போது அப்பாவிடம் வாங்கும் கையெழுத்தை அவளிடமே வாங்குவார். மைனரின் ஒப்பந்தம் செல்லாது என்ற பழைய விதி இந்த ஒரு இடத்தில் அவளுக்குக் கேடயம்.

ஆனால் வயதைத் தொடாமலே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பாதுகாவலரை நியமிக்கும்போது, புத்திசாலித்தனமாக ஒரு விருப்பத்தைச் சொல்லும் வயது மைனருக்கு இருந்தால் அதைக் கருத்தில் கொள்ளலாம் என்று 1890 சட்டத்தின் 17-ம் பிரிவே சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதே கேள்வியைப் பெற்றோர் சம்மதத்தோடு வீட்டை விட்டு அனுப்பப்படுகிற பிள்ளையிடமும் கேட்கலாம். பெண்கள், குழந்தைகள் விடுதிகளை முறைப்படுத்தத் தமிழ்நாடு 2014-ல் தனிச் சட்டம் போட்டது. விடுதிக்குப் பதிவும் உரிமமும் வேண்டும் என்கிறது. கட்டடத்தையும் வார்டனையும் பார்க்கிற ஆய்வில், உள்ளே இருக்கிற மைனரைத் தனியாக உட்காரவைத்து "நீ இங்க இருக்க விரும்பறியா?" என்று கேட்பதற்குப் புதிய வயது வரம்பு எதுவும் தேவையில்லை.

வரதராஜன் தீர்ப்பு கேட்டது நல்ல கேள்வி: தான் செய்வது என்ன என்று அவளுக்குத் தெரிந்திருந்ததா? அதைக் கேட்டது அவள் போய் நாலு வருடம் கழித்து, இன்னொருவரை ஜெயிலுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க. கிராமத்துப் பெண்ணிடம் அதைக் கேட்டுப் பயனில்லை என்றும் சேர்த்து எழுதிவைத்தது. அந்தக் கிராமத்துப் பெண்ணிடம், ஆலை வண்டியில் ஏறுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

சிவக்குமார் தீர்ப்பில் சொல்ல இன்னும் விஷயம் இருக்கிறது, குறிப்பாக "தகுந்த நபர்" என்றால் யார் என்பது பற்றி. அதை அடுத்த பதிவில் பார்க்கலாம்.